பிளந்த நாக்கு, ஆறாவது விரல், கெட்டுப்போன சிறுநீரகம்: சேலம், ஏற்காடு பக்கத்து அனுபவங்கள்

குழந்தைப் பல் மருத்துவர், சேலம்:

வாயிலோ முகத்திலோ பிறவியிலேயே மாற்றம் இருக்கும் பிள்ளைகளைப் பலர் முதலில் பல் டாக்டரிடம்தான் கூட்டிவருகிறார்கள். பல் வெளியே தெரிகிறது, இதயமும் சிறுநீரகமும் தெரிவதில்லை. அப்படி வரும் பிள்ளையின் வாயை மட்டும் பார்த்து அனுப்பிவிடக் கூடாது என்று உறுதியாக நினைக்கிறேன். அதைப் பேசத்தான் இதைத் தொடங்குகிறேன். உங்கள் வீட்டிலோ வேலையிலோ பார்த்ததை எழுதுங்கள். பிள்ளைகளின் பெயர் வேண்டாம்.

முதலில் நான் பார்த்த ஒரு பையன். ஏற்காட்டிலிருந்து இன்னும் உள்ளே போக வேண்டிய ஊர். பள்ளிக்கூடம் போகும் வயது. தாத்தாதான் கூட்டிவந்திருந்தார். "முன்பல்லு பாதி முளைக்கவே இல்லைங்க. முளைச்சதும் கூம்பாட்டம் இருக்குது. பசங்க கேலி பண்றாங்கன்னு பள்ளிக்கூடம் போக மாட்டேங்கறான்" என்றார். வாயைத் திறந்து பார்த்தால், மேலுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே இருக்க வேண்டிய பள்ளமே இல்லை. மெல்லிய சதை ஒன்று மட்டும் இருக்க வேண்டிய இடத்தில் பல சதைப் பட்டைகள் உதட்டை ஈறோடு பிடித்துக் கட்டியிருந்தன. பிறக்கும்போதே பல் இருந்ததா என்று கேட்டேன். "இருந்துச்சுங்க, கொஞ்ச நாள்ல விழுந்துருச்சு." அப்புறம் கையைக் காட்டச் சொன்னேன். இரண்டு கையிலும் சுண்டுவிரலுக்கு வெளிப்பக்கம் ஒரு தழும்பு. ஆறாவது விரல் இருந்து, கைக்குழந்தையாக இருக்கும்போதே எடுத்திருக்கிறார்கள். நகங்கள் மெலிந்து, பாதி அளவில் இருந்தன. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரை உயரம் வித்தியாசமாகத் தெரியவில்லை. எழுந்து நின்றபோதுதான் கையும் காலும் குட்டை என்று புரிந்தது.

மேடு ஏறினால் மூச்சு வாங்குமா என்று தாத்தாவிடம் கேட்டேன். "வாங்கும்ங்க. அவன் பொறந்ததுல இருந்தே வலுவில்லாத பையன்" என்றார். பல் வேலையைத் தள்ளிவைத்துவிட்டு எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்க எழுதிக்கொடுத்தேன். இதயத்தின் மேலறைகள் இரண்டுக்கும் நடுவே பெரிய ஓட்டை.

இதற்கு எல்லிஸ் வான் கிரெவெல்ட் நோய் என்று பெயர். ரிச்சர்ட் எல்லிஸ், சைமன் வான் கிரெவெல்ட் என்ற இரண்டு குழந்தை மருத்துவர்கள் 1940ல் விவரித்தது. இந்த நோய் இருப்பவர்களில் பாதிப்பேருக்கு மேல் இதயத்தில் குறை இருக்கும். மிக அரிது. ஆனால் ஒரே வட்டத்துக்குள் கல்யாணம் முடிக்கும் மக்களிடம் அதிகம் தெரியும். அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் ஆமிஷ் மக்களிடம் இப்படி நிறையப் பேர் இருப்பதை விக்டர் மெக்குசிக் 1964ல் எழுதினார். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான ஜீன் வந்தால்தான் நோய் வரும். பையனின் அம்மா தன் தாய்மாமனையே கட்டியவர். நம் பக்கத்தில் எல்லாச் சாதியிலும் நடப்பதுதான் இது. அந்த மலை மக்கள் தலையில் மட்டும் யாரும் இதைக் கட்ட வேண்டாம்.

இதய ஆபரேஷன் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் நடந்தது. அதற்குப் பிறகுதான் உதட்டுப் பட்டைகளை விடுவித்து, கூம்புப் பற்களைப் பூசிச் சரிசெய்து, இல்லாத இடத்துக்குக் கழற்றி மாட்டும் பல் கொடுத்தோம். வளர வளர மாற்றிக்கொடுக்க வேண்டும், அதற்காக வருகிறான்.

பல், நகம், விரல், எலும்பு, இதயம். ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாதவை போல் இருக்கும் இவை ஏன் சேர்ந்து கெடுகின்றன? நம் உடலில் பெரும்பாலான செல்களின் மேல் ஒரே ஒரு நுண்ணிய இழை நீட்டிக்கொண்டிருக்கும். நீளம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்குகூட வராது. டாக்டர்கள் பிரைமரி சிலியா என்பார்கள், தமிழ்ப் பாடநூல் வழக்கில் முதன்மைக் குற்றிழை. மொட்டைமாடி ஆன்டெனா மாதிரி, வெளியிலிருந்து வரும் கட்டளையை வாங்கிச் செல்லுக்குள் அனுப்புவது அதன் வேலை.

கரு வளரும்போது முகத்துக்கும் விரலுக்கும் வரும் முக்கியமான கட்டளை சானிக் ஹெட்ஜ்ஹாக் என்ற புரதம். அந்தக் கட்டளை வராத இடத்தில், குற்றிழையின் உதவியோடு ஜிஎல்ஐ3 என்ற இன்னொரு புரதம் வெட்டப்பட்டு, ஜீன்களை அடக்கிவைக்கும் வடிவத்துக்கு மாறும். விரல்கள் ஐந்தோடு நிற்பதற்கும், முகத்தின் நடுப்பகுதி அளவுக்கு மீறி அகலாமல் இருப்பதற்கும் அந்த அடக்கும் வடிவம் வேண்டும். குற்றிழை பழுதானால் வெட்டுவது சரியாக நடக்காது. விரல் கூடும், கண்களுக்கு நடுவே இடைவெளி அகலும், உதடோ மேலண்ணமோ பிளக்கும். எல்லிஸ் வான் கிரெவெல்ட் நோயில் கதை கொஞ்சம் வேறு. இழை இருக்கும். அதன் அடிப்பகுதியில் இருந்து கட்டளையைக் கடத்த வேண்டிய இவிசி என்ற புரதங்கள்தான் பழுது. அதனால் எலும்புக்கும் பல்லுக்கும் கட்டளை முழுதாகப் போய்ச் சேராது.

குற்றிழை பழுதால் வரும் நோய்கள் ஏராளம். அவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை முகத்தையும் மண்டையோட்டையும் வைத்தே சந்தேகப்பட முடியும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். முகத்தை முதலில் பார்க்கும் எங்களுக்கு அதனால்தான் பொறுப்பு அதிகம்.

ஒரு அம்மா, அம்மாப்பேட்டை:

டாக்டர், என் மகளுக்கு உதடும் மேலண்ணமும் பிளந்து பிறந்தது. பிரசவ வார்டில் குழந்தையைக் கையில் கொடுக்கும் முன்பே என் அத்தை கேட்ட கேள்வி, "கிரகணத்தன்னைக்கு என்னத்த அரிஞ்ச?" நான் அழுததைவிட அந்தக் கேள்வியை நினைத்து நினைத்துக் குமைந்ததுதான் அதிகம். கிரகணத்தன்று கத்தரிக்காய் அரிந்தது உண்மை. அதனால் நானே நம்பிவிட்டேன். பிறகு வேறொரு மருத்துவமனைக்குப் போனபோது, அங்கே வேலை செய்யும் ஒரு பெண்ணும் "கிரகணத்துல வெளிய போனியா" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். படித்து யூனிஃபார்ம் போட்டவரே கேட்டால் நான் என்ன நினைப்பேன்?

அதிலிருந்து என்னை வெளியே கொண்டுவந்தவர் அறுவை சிகிச்சை செய்த டாக்டர். ஒரு தாளில் வாரக் கணக்கு எழுதிக் காட்டினார். கருவின் நாலாவது வாரத்தில் முதுகுப் பக்கமிருந்து ஒரு வகைச் செல்கள் கிளம்பி முகத்துக்கு நகர்ந்து வருகின்றன. நரம்பு முகட்டுச் செல்கள் என்று சொன்னார். முகத்தின் எலும்பு பெரும்பாலும் அவற்றால்தான் ஆகிறது. ஏழாவது வாரம் முடிவதற்குள் மேலுதடு இரண்டு பக்கமும் சேர்ந்துவிடும். மேலண்ணம் பன்னிரண்டாவது வாரத்துக்குள் மூடிவிடும். "உனக்குக் கிரகணம் எத்தனையாவது மாசத்துல வந்துச்சு?" என்று கேட்டார். ஏழாவது மாதம். அதற்குப் பல மாதம் முன்பே உதடு சேராமல் நின்றுவிட்டது. அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் அத்தையிடம் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அதற்குப் பிறகு யாராவது கிரகணம் என்று ஆரம்பித்தால் அவரே "அதெல்லாம் இல்ல" என்று அடக்குகிறார்.

புதிதாக இப்படிக் குழந்தை பிறந்தவர்களுக்குச் சொல்கிறேன், ஆபரேஷனைவிடப் பால் கொடுப்பதுதான் முதல் மாதங்களில் பெரிய கஷ்டம். அண்ணம் திறந்திருப்பதால் உறிஞ்ச முடியாது, பால் மூக்கு வழியே வரும். பீய்ச்சி எடுத்துப் பாலாடையில் கொஞ்சம் கொஞ்சமாக, குழந்தையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு கொடுக்க வேண்டும். இடையிடையே ஏப்பம் விட வைக்க வேண்டும், காற்று நிறையப் போகும். தறிச் சத்தத்துக்கு நடுவே என் அம்மாயி மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் ஊட்டுவார். எடை ஏறினால்தான் உதட்டு ஆபரேஷன். எங்களுக்கு நாலாவது மாதம் ஆயிற்று. அண்ணத்துக்கு ஒரு வயது தாண்டி. நடுவில் காதில் நீர் கோத்துக்கொண்டது, அதையும் பார்க்கச் சொன்னார்கள். பேச்சுப் பயிற்சியை மட்டும் யாரும் விட்டுவிடாதீர்கள். என் மகள் இப்போது பள்ளிக்கூடத்தில் திருக்குறள் ஒப்பித்துப் பரிசு வாங்கியிருக்கிறாள்.

ஒரு சந்தேகம். அவளுக்கு எக்கோவும் வயிற்று ஸ்கேனும் எடுத்தார்கள், எல்லாம் சரியாக இருந்தது. அப்படியானால் அவளுக்கும் இந்தக் குற்றிழைதான் காரணமா?

குழந்தைப் பல் மருத்துவர், சேலம்:

அம்மா, உங்கள் டாக்டர் செய்தது ரொம்பச் சரி. இந்தியாவில் ஏறக்குறைய 700 முதல் 1000 பிறப்புக்கு ஒரு குழந்தைக்கு இப்படிப் பிளவு வருகிறது. பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பிளவைத் தவிர வேறு குறை இருக்காது. பல ஜீன்களும் சுற்றுச்சூழலும் சேர்ந்து வருவது அது, ஒற்றைக் காரணம் சொல்ல முடியாது. உங்கள் மகள் அந்தப் பெரும்பாலோரில் ஒருத்தி. பிளவோடு விரல், நாக்கு, சிறுநீரகம், கண் என்று வேறொன்றும் சேர்ந்திருந்தால்தான் குற்றிழைப் பக்கம் யோசிக்க வேண்டும். பரிசு வாங்கியதற்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்றவர், சூரமங்கலம்:

சிலியா என்றால் மூச்சுக்குழாயில் சளியை வெளியே தள்ளும் முடி போன்றது என்றல்லவா படித்திருக்கிறோம்? என் பேரனுக்கு ஒரு கையில் ஆறு விரல். வீட்டில் அதிர்ஷ்டம் என்று கொண்டாடினோம். இதைப் படித்ததும் பயமாக இருக்கிறது.

கிராம சுகாதார செவிலியர், ஏற்காடு மலை:

ஐயா, முதல் கேள்வியை டாக்டர் சொல்லட்டும், விரல் விஷயத்தை நான் சொல்கிறேன். பயப்படாதீங்க. ஆறு விரலோடு நான் பார்த்த குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு வேறு ஒன்றுமே இல்லை. பல குடும்பங்களில் அப்பாவுக்கோ பாட்டிக்கோ அதே விரல் இருக்கும். பேரன் நன்றாக வளர்கிறானா, இருட்டில் கண் தெரிகிறதா, உடம்பு ரொம்பப் போடுகிறானா என்று குழந்தை டாக்டரிடம் காட்டிக் கேட்டுக்கொண்டால் போதும். ஆறு விரலோடு மாலைக்கண்ணும் உடற்பருமனும் சேர்ந்தால் பார்டெட் பீடல் என்ற நோயாக இருக்கலாம், அதுவும் இந்தக் குற்றிழையோடு சேர்ந்ததுதான் என்று பயிற்சியில் சொன்னார்கள்.

மலையில் எங்களுக்கு வேறு மாதிரிச் சிக்கல். பல்லோடு குழந்தை பிறந்தால் மாமனுக்கு ஆகாது என்று சொல்லி, வீட்டிலேயே நூல் கட்டிப் பிடுங்கப் பார்ப்பார்கள். பிறந்த குழந்தைக்கு அப்படி இரத்தம் கசிந்தால் ஆபத்து. நான் வீட்டு வாசலில் உட்கார்ந்து சொல்வது இதுதான்: பல்லோடு பிறப்பது அபூர்வம்தான், ஆனால் பெரும்பாலும் கீழ்முன்பல் சீக்கிரம் வந்துவிட்டது, அவ்வளவே. ஆட்டம் அதிகமாக இருந்தாலோ நாக்கைக் கிழித்தாலோ பல் டாக்டர் எடுப்பார். பல்லைப் பார்த்த கையோடு நான் விரலை எண்ணுவேன், உதட்டைத் தூக்கிப் பார்ப்பேன், நாக்கைப் பார்ப்பேன், நகத்தைப் பார்ப்பேன். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

கண்டுபிடிப்பது ஒரு பக்கம், கீழே அனுப்புவது இன்னொரு பக்கம். 2013லிருந்து ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய காரியக்கிரம் என்ற தேசியத் திட்டத்தில் பிறவிக் குறைகளைப் பார்த்து, மாவட்ட இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வழி இருக்கிறது. செலவும் இல்லை. ஆனால் கார்த்திகை, மார்கழியில் காப்பி பறிப்பு. அந்த நேரம் ஒரு நாள் கூலி போனால் வீட்டில் அடுப்புக்கு இடிக்கும். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிப் பெரியாஸ்பத்திரி போய், வரிசையில் நின்று, மாலைப் பஸ்ஸைப் பிடித்து வருவதற்குள் ஒரு நாள் முழுக்கப் போய்விடும். எக்கோ ஒரு நாள், கண் ஒரு நாள், ஸ்கேன் ஒரு நாள் என்று இழுத்தால் இரண்டாவது தடவையே வரமாட்டார்கள். ஒரே நாளில் எல்லாம் பார்த்து அனுப்பும்படி முன்கூட்டியே பேசிவைப்பதற்கு நான் போனில் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன். டாக்டர்கள் யாராவது இதைப் படித்தால், மலையிலிருந்து வரும் குழந்தைக்கு அந்த ஒரு உதவியைச் செய்யுங்கள்.

பெயர் வேண்டாம், ஆத்தூர்:

இதை எழுதலாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். எனக்குப் பிறக்கும்போது நாக்கு பிளந்து மூன்று மடலாக இருந்ததாம். மேலண்ணத்தில் சின்னப் பிளவு. கை விரல் சில குட்டை, கொஞ்சம் வளைந்திருக்கும். சின்ன வயதில் நாக்கையும் அண்ணத்தையும் சரிசெய்துவிட்டார்கள். அதோடு கதை முடிந்தது என்றே நாங்கள் நினைத்தோம். பெரியவளான பிறகு பல் சீராக்கக் கம்பி போட்டேன், தையல் கிளாஸ் போனேன், கல்யாணம் ஆனது. முதல் கர்ப்பம் தங்கவில்லை. அடுத்த கர்ப்பத்தில் இரத்த அழுத்தம் ஏறி ஸ்கேன் எடுத்தபோது இரண்டு சிறுநீரகம் முழுக்க நீர்க்கட்டிகள். அந்தக் குழந்தையும் நிற்கவில்லை. சிறுநீரகம் கெடுவதைக் காட்டும் இரத்தக் கிரியாட்டினின் அளவு எனக்கு ஏற்கனவே ஏறியிருந்தது.

சிறு வயதிலிருந்து எத்தனை டாக்டர் பார்த்திருப்பார்கள். வாயைப் பார்த்தார்கள், விரலையும் பார்த்தார்கள். வருடத்துக்கு ஒருமுறை இரத்த அழுத்தமும் வயிற்று ஸ்கேனும் பார் என்று ஒருவராவது சொல்லியிருந்தால் நான் இன்று இந்த இடத்தில் இருந்திருக்க மாட்டேன் என்ற கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. யாரையும் பெயர் சொல்ல விரும்பவில்லை.

ஜீன் பரிசோதனை செய்யச் சொன்ன டாக்டர்தான் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தார். ஓஎஃப்டி1 என்ற ஜீன், எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. நோய்க்கும் வாய், முகம், விரல் என்று சேர்த்துத்தான் பெயர். பாப்பியோன் லியாஜ், ப்சோம் என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் 1954லேயே எழுதிவைத்திருக்கிறார்கள். ஜீனை 2001ல் கண்டுபிடித்தார்கள். குற்றிழை முளைக்கும் அடித்தளத்தில் வேண்டிய புரதம் அது. பெண்ணுக்கு இன்னொரு எக்ஸ் இருப்பதால் பிழைக்கிறோம். பழுதான ஜீன் வந்த ஆண் கரு பெரும்பாலும் வயிற்றிலேயே கலைந்துவிடும். என் அம்மாவுக்கும் என்னைத் தவிர எதுவும் தங்கவில்லை. "இவ வயித்துல ஆம்பளப் புள்ள தங்காது" என்று ஊரில் அவரைப் பேசிய பேச்சுக்கு அளவில்லை. அவருக்கும் மேலுதட்டின் உள்ளே அந்தச் சதைப் பட்டைகள் இருப்பதை என் டாக்டர் பார்த்துச் சொன்னபோதுதான் அவருக்கே தெரியும். பரிசோதனை முடிவு வந்த அன்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு "அப்ப நான் செஞ்ச பாவம் இல்லையா கண்ணு" என்று கேட்டார்.

இப்போது மருந்தில் இருக்கிறேன். டயாலிசிஸ் இன்னும் தொடங்கவில்லை. என்னைப் போல வாயும் விரலும் மாறிப் பிறந்த பெண் குழந்தை உங்கள் வீட்டில் இருந்தால், தயவுசெய்து சிறுநீரக டாக்டரிடம் ஒரு முறையாவது காட்டுங்கள்.

விலங்கியல் ஆசிரியர், ஓமலூர்:

ஆத்தூர் தங்கை, நீங்கள் எழுதியது பலருக்கு உதவும். நன்றி.

சூரமங்கலம் ஐயாவின் முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், இது என் பாடம். மூச்சுக்குழாயில் இருப்பது அசையும் குற்றிழை. ஒரு செல்லில் நூற்றுக்கணக்கில் இருக்கும். உள்ளே ஒன்பது ஜோடி நுண்குழல்கள் வட்டமாக, நடுவில் இன்னும் இரண்டு. முதன்மைக் குற்றிழையில் அந்த நடு இரண்டு கிடையாது, பொதுவாக அசையாது, செல்லுக்கு ஒன்றே ஒன்று. ஜிம்மர்மான் என்ற ஆய்வாளர் 1898லேயே மனிதச் செல்களில் இதை விவரித்தார். இப்போது வழங்கும் பெயரை சொரோகின் 1968ல் வைத்தார். ஆனால் அசையாத இழைக்கு என்ன வேலை இருக்கப்போகிறது என்று, பரிணாமத்தில் மிஞ்சிப்போன பொருளாகவே பலகாலம் நினைத்தார்கள்.

திருப்பம் வந்தது குட்டைத் தண்ணீரில் வாழும் ஒரு பச்சைப் பாசியிலிருந்து. கிளாமிடோமோனாஸ். பதினொன்றாம் வகுப்பில் இரண்டு கசையிழையோடு படம் வரைந்து பெயர் குறிப்போமே, அதேதான். கசையிழை என்பது நீளமான, அசையும் குற்றிழை மாதிரிதான். 1993ல் யேல் பல்கலைக்கழகத்தில் ரோசன்பாம் குழுவினர், அந்தக் கசையிழைக்குள் பொருட்கள் மேலும் கீழும் ஓயாமல் எடுத்துச் செல்லப்படுவதை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். இழையைக் கட்டுவதே அந்தப் போக்குவரத்துதான். அதில் வேலை செய்யும் ஒரு ஜீன், சிறுநீரகத்தில் கட்டி வரும் ஒரு வகைச் சுண்டெலியிலும் பழுதாகியிருப்பது 2000ல் தெரிந்தது. பாசியின் கசையிழையும் எலியின் சிறுநீரகமும் ஒரே ஜீனில் சந்தித்தன. 2003ல் நியூயார்க்கில் கேத்ரின் ஆண்டர்சன் குழு, ஹெட்ஜ்ஹாக் கட்டளை வேலை செய்யவே இந்தப் போக்குவரத்து வேண்டும் என்று காட்டியது. முகம், விரல் கதை எல்லாம் அதற்குப் பிறகுதான் வேகம் பிடித்தது.

எனக்கு ரொம்பப் பிடித்தது கோழி. டால்பிட்2 என்று ஒரு கோழி வகை, வெகுகாலமாக ஆய்வுக்கூடங்களில் இருக்கிறது. குஞ்சுக்கு முகம் அகன்று, அண்ணம் பிளந்து, கால்விரல்கள் ஏராளமாக முளைக்கும். முட்டைக்குள்ளேயே செத்துவிடும். காரணம் சி2சிடி3 என்ற ஜீன் என்று 2014ல் கண்டுபிடித்தார்கள். குற்றிழை முளைக்கவே அந்த ஜீன் வேண்டும். அதே ஆண்டில் அதே ஜீன் பழுதான மனிதக் குழந்தைகளும் தெரியவந்தார்கள், ஆத்தூர் தங்கைக்கு இருக்கும் நோயின் இன்னொரு வகையோடு. முட்டையில் ஜன்னல் வெட்டி முகம் உருவாவதை நாள்தோறும் பார்க்க முடியும் என்பதால், மனிதக் கருவில் பார்க்க முடியாததை இந்தக் கோழியில் பார்க்கிறார்கள். நாமக்கல் பண்ணைகளுக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் நம் கல்லூரி மாணவர்கள் இதில் இறங்க வேண்டும் என்று எனக்கு ஆசை. முட்டைக்குப் பஞ்சமில்லாத ஊர் நமது.

ஒரு அம்மா, மேட்டூர்:

எங்கள் வீட்டில் முதல் பையனுக்கு டாக்டர் முதலில் சொன்ன அதே நோய். நானும் அவரும் அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை. ஒரு குழந்தைக்கு வந்துவிட்டதால் அடுத்ததற்கு வராது என்று உறவில் சொல்கிறார்கள். இன்னொரு குழந்தை வேண்டும் என்று ஆசை. என்ன செய்ய வேண்டும்?

குழந்தைப் பல் மருத்துவர், சேலம்:

அம்மா, உறவில் சொல்வது சரியல்ல. உங்கள் இருவரிடமும் பழுதான ஜீன் ஒவ்வொன்று இருக்கிறது, நல்லதும் ஒவ்வொன்று இருப்பதால் உங்களுக்கு ஒன்றும் இல்லை. ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய் வர 25 சதவீத வாய்ப்பு. முதல் பிள்ளைக்கு வந்ததால் அது குறையாது, கூடவும் செய்யாது. நாலில் மூன்று பங்கு, நோய் இல்லாத குழந்தை பிறக்க வாய்ப்பு இருக்கிறது என்பதையும் மனதில் வையுங்கள்.

அவசரப்பட்டுக் கர்ப்பமாகும் முன்பு ஒரு வேலை இருக்கிறது. பையனின் இரத்தத்தை ஜீன் பரிசோதனைக்கு அனுப்பி, எந்த ஜீனில் எந்த இடத்தில் பழுது என்று தெரிந்துகொள்ளுங்கள். முடிவு வரப் பல வாரம் ஆகும், அதனால்தான் முதலிலேயே செய்யச் சொல்கிறேன். அது கையில் இருந்தால், அடுத்த கர்ப்பத்தில் 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவில் சிறிது எடுத்து, அதே பழுது இருக்கிறதா என்று பார்க்க முடியும். அது இல்லையென்றால் 18 முதல் 20 வார ஸ்கேனில் விரல், கை கால் நீளம், இதயம் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும், அது தாமதம், எல்லாமும் தெரியாது. மரபியல் ஆலோசனைக்கு இருவருமே சேர்ந்து போங்கள். பையனின் எக்கோ ரிப்போர்ட், விரல் ஆபரேஷன் சீட்டு, கை எக்ஸ்ரே எது இருந்தாலும் எடுத்துப்போங்கள். பையனுக்கு எக்கோ இன்னும் எடுக்கவில்லை என்றால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதை இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.